பனி விழும் முன்பே விற்ற மலை

1962 டிசம்பர் 15ஆம் தேதி அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெய்ல் என்ற பனிச்சறுக்கு மலை திறந்தபோது, ஒரு நாள் டிக்கெட் 5 டாலர். (தமிழ்க் காதில் அந்தப் பெயர் ‘வெயில்’ என்றே விழும். பனியை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு வாய்த்த பெயர்!) இரண்டாம் உலகப் போரில் பத்தாவது மலைப்படைப் பிரிவில் சேர்ந்து, இத்தாலியில் காயம்பட்டுத் திரும்பிய பீட் சைபர்ட்டும், அந்தப் பக்கத்து மலைகளைக் காலால் அளந்திருந்த ஏர்ல் ஈட்டனும் சேர்ந்து தேர்ந்த இடம் அது. ஒரு கம்பிவடக் கோண்டோலா, இரண்டு நாற்காலி லிஃப்ட். எல்லாம் தயார், பனி மட்டும் வரவில்லை. திறப்பு விழா நெருங்க நெருங்கத் தரை வெறுமையாகவே கிடந்ததால், தெற்கு யூட் பழங்குடியினரை அழைத்துவந்து பனி வேண்டி ஆடச் சொன்னார்கள். நம் கிராமங்களில் மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டி இழுப்பார்களே, அதே தவிப்பு. விளம்பரத்துக்காகச் செய்ததுதான் என்றாலும் அந்தத் தொழிலின் அடிப்படை உண்மை அதில் இருந்தது. பனிச்சறுக்கு ஒரு மானாவாரித் தொழில்.

மானாவாரி நிலத்தை இரண்டு விதமாக விடலாம். வாரத்துக்கு விட்டால் விளைந்ததில் பங்கு; மழை பொய்த்தால் நிலக்காரரும் உழுதவரும் சேர்ந்தே பட்டினி. குத்தகைக்கு விட்டால் பேசிய தொகை முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். வானம் பார்ப்பது உழுதவர் கவலை. அமெரிக்கப் பனிச்சறுக்கின் கடந்த கால் நூற்றாண்டை இந்த இரண்டு சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பெரிய நிறுவனங்கள் மலைகளை வாங்கிக் குவித்ததைப் பற்றியும் பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டி வாங்கும் மலிவான சீசன் பாஸைப் பற்றியும் பேசுபவர்கள் பெரும்பாலும் கூட்டத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். அவை விளைவுகள். மாறிப்போனது அதற்கும் அடியில் உள்ள ஒன்று: வாரத்துக்கு இருந்த தொழில் குத்தகைக்கு மாறியது. குத்தகைக்காரர் இடத்தில் இன்று நிற்பவர், காலில் பலகை கட்டிச் சறுக்க வருகிற வாடிக்கையாளர்.

தொடக்கத்தில் இந்தத் தொழிலில் மறைக்க எதுவும் இருக்கவில்லை. 1934 ஜனவரியில் வெர்மான்ட் மாநிலத்தின் உட்ஸ்டாக் ஊரில், ஒரு விவசாயியின் மேய்ச்சல் சரிவில், ஃபோர்டு மாடல் டி காரின் இன்ஜினைக் கொண்டு ஒரு நீளக் கயிற்றைச் சுழலவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மேலே இழுத்துப்போகும். 1936இல் ஐடஹோவின் சன் வேலியில், யூனியன் பசிபிக் ரயில்வே உலகின் முதல் நாற்காலி லிஃப்டை அமைத்தது. அதை வடிவமைத்த ஜேம்ஸ் கரன், கப்பலில் வாழைத்தார் ஏற்றும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். தார் தொங்கிய கொக்கியில் நாற்காலியை மாட்டினால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. கயிறானாலும் நாற்காலியானாலும் கணக்கு ஒன்றுதான். காலையில் பனி இருந்தால் ஆள் வருவார், டிக்கெட் வாங்குவார். இல்லாவிட்டால் கல்லாப்பெட்டி காலி. 1980–81 குளிர்காலம் வறண்டபோது நாடு முழுவதற்குமான வருகைகள் 4 கோடிக்கும் கீழே போயின. அத்தகைய ஆண்டுகளில் சின்ன மலைகள் பல மூடப்பட்டன. அந்தப் பழைய ஏற்பாட்டை நான் பொற்காலமாகக் காட்டவில்லை. இழப்பு இரு பக்கமும் விழுந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

பல மலைகளுக்கு ஒரே டிக்கெட் என்பது இன்றைய நிறுவனங்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள், ஆஸ்பென் வழக்கைப் படிக்க வேண்டும். 1960களில் ஆஸ்பெனில் சறுக்கு மலைகளை நடத்தியவர்கள் தனித்தனி ஆட்கள். அவர்கள் சேர்ந்து ஆறு சீட்டுகள் கொண்ட ஒரு சிறு புத்தகத்தை விற்றார்கள். எந்த மலைக்குப் போகிறீர்களோ அங்கே ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் போதும். பருவ முடிவில் எந்த மலையில் எத்தனை சீட்டு சேர்ந்ததோ, அந்த விகிதத்தில் பணத்தைப் பிரித்துக்கொண்டார்கள். நேர்மையான வாரக் கணக்கு. பிறகு ஆஸ்பென் ஸ்கீயிங் நிறுவனம் நான்கு மலைகளில் மூன்றைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஹைலண்ட்ஸ் மட்டும் தனியாக நின்றது. எண்ணிப் பிரிக்கும் முறையை விட்டுவிட்டு நிரந்தரப் பங்கு ஒன்றை ஏற்கும்படி பெரிய நிறுவனம் நெருக்கியது. 1977–78இல் 15 விழுக்காட்டுக்கு ஹைலண்ட்ஸ் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு 12.5 விழுக்காடு என்றார்கள், மறுத்தது, கூட்டு டிக்கெட் அத்தோடு நின்றது. ஹைலண்ட்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்காகப் பெரிய நிறுவனத்தின் டிக்கெட்டைச் சில்லறை விலையிலேயே வாங்கிக்கொள்ள முன்வந்தும் விற்க மறுத்தார்கள். முழுக் காசு கொடுத்தாலும் சரக்கு தரமாட்டேன் என்று ஒரு வியாபாரி சொன்னால், அவர் வேறு ஏதோ கணக்குப் போடுகிறார் என்று பொருள். 1976–77இல் 20.5 விழுக்காடாக இருந்த ஹைலண்ட்ஸின் சந்தைப் பங்கு 1980–81இல் 11 ஆகத் தேய்ந்தது. மலை அதே மலை, பனி அதே பனி. டிக்கெட்டிலிருந்து பெயர் போனதுதான் வித்தியாசம். ஜூரி 25 லட்சம் டாலர் இழப்பீடு என்றது. ஏகபோகத் தடைச் சட்டப்படி அது மும்மடங்காகி 75 லட்சமானது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தீர்ப்பில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஒருமித்து, ஹைலண்ட்ஸ் பக்கம் நின்றது. பனிச்சறுக்குத் தொழிலில் மலையைவிட டிக்கெட்டுக்குத்தான் பலம் என்பதை அந்த வழக்கு ஆவணப்படுத்திவிட்டது.

1990களில் பங்குச்சந்தைப் பணம் மலையேறியது. கிழக்கே லெஸ் ஆட்டன் என்பவரின் அமெரிக்கன் ஸ்கீயிங் கம்பெனி, கடன் வாங்கி மலை மேல் மலையாக வாங்கியது; 1997இல் பங்கு வெளியிட்டது; 2007க்குள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் காணாமல் போனது. கடனில் வளர்ந்து பனியை நம்பியிருந்த நிறுவனத்துக்கு வேறு முடிவு இருந்திருக்க முடியாது. மேற்கே வெய்ல் நிறுவனம் பக்கத்து மலைகளான பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன், அரபஹோ பேசின் மூன்றையும் ஒரே பேரத்தில் வாங்க முயன்றபோது அமெரிக்க அரசின் நீதித்துறை குறுக்கே வந்தது. டென்வர் நகரத்துச் சறுக்காளர்களுக்குப் போட்டியே இல்லாமல் போகும் என்று சொல்லி, அரபஹோ பேசினை வெளியாருக்கு விற்க வைத்தது. இனி நடந்ததைக் கவனிக்க வேண்டும். வேறு ஒருவருக்கு விற்கப்பட்ட அந்த மலை, அதற்குப் பிறகும் 2019 வரை வெய்லின் பாஸிலேயே இடம்பெற்றிருந்தது. பத்திரத்தில் வேறு பெயர், பாஸில் பழைய உறவு. அரசு உரிமையைப் பிரித்தது. கட்டிப்போட்டிருந்த கயிற்றை அது பார்க்கவே இல்லை.

மலிவு விலைப் பாஸைப் பிறப்பித்ததும் பெருநிறுவனம் அல்ல. ஐடஹோவின் பாய்ஸி நகரத்துக்கு மேலே இருக்கும் போகஸ் பேசின், லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் உள்ளூர் மலை. 1998இல் அது 500 டாலர் சீசன் பாஸை 199 டாலருக்கு இறக்கியது, பருவம் தொடங்குவதற்கு வெகு முன்பே. சில ஆயிரம் பாஸ் விற்ற இடத்தில் 20 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. ஊரிலுள்ள குடும்பங்கள் எல்லாம் சறுக்க வந்தன. அதே ஆண்டு கொலராடோவில், டென்வர் நகராட்சிக்குச் சொந்தமான வின்டர் பார்க், நாலு பேர் சேர்ந்து வாங்கினால் 800 டாலர் என்று அறிவித்தது. பக்கத்து மலைகளும் வேறு வழியில்லாமல் விலையைக் குறைத்தன. வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல காலம் வாய்த்ததில்லை. அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் அந்தப் போட்டியில் நிறுவனங்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. விலையைக் குறைத்தால் கூட்டம் வரும் என்பது எவருக்கும் தெரியும். பனி விழுமா விழாதா என்று தெரியாத மாதத்திலேயே ஜனங்கள் பணத்தைக் கட்டிவிடுவார்கள் என்பதுதான் புதிய செய்தி.

அந்தப் பாடத்தை முழுதாகப் படித்தவர், 2006இல் வெய்ல் நிறுவனத்தின் தலைமைக்கு வந்த ராப் கேட்ஸ். நிதித்துறையில் இருந்து வந்தவருக்கு, மலை ஒரு வருமான ஓடையாகவும் பனி அதன் ஆபத்தாகவும் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. 2008 மார்ச்சில் எபிக் பாஸ் என்ற சீசன் பாஸ் 579 டாலருக்கு வந்தது. அதற்கு முன் வெய்லின் முழுப் பருவப் பாஸ் 1,800 டாலரைத் தாண்டியிருந்தது. சில மாதங்களில் உலகப் பொருளாதாரமே சரிந்தது. விடுதி அறைகள் காலியாயின. பாஸ் பணம் மட்டும் ஏற்கெனவே பெட்டியில் இருந்தது. குத்தகையின் அருமை அன்று புரிந்திருக்கும். அதன் பிறகு மலை வாங்குவது பாஸை வளர்க்கும் வேலையானது. 2016இல் கனடாவின் விஸ்லர் பிளாக்கோம், 2017இல் வெர்மான்டின் ஸ்டோ, 2019இல் ஒரே பேரத்தில் 17 சிறு மலைகள். ஓஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் உள்ள அந்தக் குட்டி மேடுகள் எதற்கு என்று பலர் கேட்டார்கள். அவை பெருநகரங்களின் வாசலில் இருக்கின்றன. அங்கே பாஸ் வாங்கியவர் விடுமுறைக்கு கொலராடோ வருவார். ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து மலைகளையும் சேர்த்து எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. 2018இல் ஆல்டெரா என்ற போட்டி நிறுவனம் ஐகான் பாஸோடு வந்தது. 2021இல் வெய்ல் பாஸ் விலையை 20 விழுக்காடு குறைத்து, அந்தப் பருவத்துக்கு 21 லட்சம் பாஸ்களை விற்றது.

இதில் குறை என்ன, ஏழை பாழைகளும் சறுக்க முடிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பருவத்தில் 20 நாள் மலைக்குப் போகிறவருக்கு இதைவிட மலிவாக இந்த விளையாட்டு என்றைக்கும் கிடைத்ததில்லை, உண்மை. 2022–23இல் நாட்டின் மொத்த வருகைகள் 6.5 கோடியைத் தாண்டி, அதுவரை காணாத உயரத்தைத் தொட்டன. அதுவும் உண்மை. பாஸ் விலையைப் பார்த்தால் இந்த வாதம் சரி. வாசலில் டிக்கெட் வாங்குகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் படம் வேறு. 1962இன் 5 டாலர் இன்றைய மதிப்பில் சுமார் 50 டாலர். 2024–25 பருவத்தின் நெரிசல் நாட்களில் வெய்லின் ஒரு நாள் டிக்கெட் 320 டாலரைத் தாண்டியது. அந்தப் பருவத்து எபிக் பாஸ் விற்பனைக்கு வந்த விலை 982 டாலர். மூன்று நாள் டிக்கெட்டும் முழுப் பருவமும் ஏறக்குறைய ஒரே விலை! செலவு ஏறியதால் விலை ஏறியது என்ற சமாதானம் இங்கே நிற்காது. அதே லிஃப்ட், அதே செலவு, ஒரே வரிசையில் முன்னால் நிற்கிற, பருவத்தில் 20 நாள் வரும் பாஸ்காரர் ஐந்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை. ஆல்ப்ஸ் மலையின் பேர்பெற்ற ஊர்களிலேயே ஒரு நாள் டிக்கெட் பொதுவாக 100 யூரோவுக்குள்தான். வெய்லின் நாள் டிக்கெட் விலை, விற்பதற்காக வைத்த விலை அல்ல. செப்டம்பரிலேயே பாஸ் வாங்கும்படி விரட்டுவதற்கு வைத்த சாட்டை. அந்தச் சாட்டை யார் மேல் விழுகிறது? இந்த விளையாட்டு பிடிக்குமா என்று ஒருமுறை பார்க்க வருபவர், வருடத்தில் ஒரு வார இறுதி மட்டும் வாய்க்கிற கூலிக்காரர், கடைசி நேரத்தில் விடுப்புக் கிடைத்தவர். பழகியவருக்கு மலிவு, புதியவருக்கு மதில். இந்த விலை அமைப்பு நீடித்தால் விளையாட்டுக்குள் புதிதாக வருபவர் வற்றிப்போவார்.

இன்னொரு மறுப்பு கனமானது. பெரிய நிறுவனங்கள் சின்ன மலைகளைக் கொன்றன என்பது கட்டுக்கதை, வானிலை கொன்ற மலைகளை அவைதான் காப்பாற்றின என்பார்கள். முதல் பாதி சரி. 1982–83இல் அமெரிக்காவில் 735 சறுக்கு மலைகள் இயங்கின, 1999–2000இல் 503. எபிக் பாஸ் பிறப்பதற்கு முன்பே பெரும்பகுதி போய்விட்டது. காப்பீட்டுக் கட்டணம், செயற்கைப் பனி இயந்திரங்களுக்கான முதலீடு, தொடர்ந்து வந்த வறண்ட குளிர்காலங்கள் என்று காரணங்கள் பல. பழியைத் தவறான ஆள் மேல் போட்டு என் வாதத்தை வலுப்படுத்திக்கொள்ள விருப்பமில்லை. முன்பணம் இருப்பதால்தான் வறண்ட ஆண்டிலும் சம்பளம் போகிறது, ஊர்க் கடைகள் பிழைக்கின்றன என்பதிலும் நியாயம் உண்டு. பூமி சூடாகிவரும் காலத்தில் இந்தத் தொழிலுக்கு ஏதோ ஒரு காப்பீடு வேண்டும்தான். என் கேள்வி, பிரீமியம் கட்டுவது யார், பயன் பெறுவது யார் என்பது. மேற்கு மாநிலங்களின் பெரிய மலைகளில் பல அரசு வனத்துறை நிலத்தில் இருக்கின்றன. வெய்லும் பிரெக்கன்ரிட்ஜும் அப்படித்தான். வனத்துறைக்கு அவை கட்டும் தொகை வருமானத்தில் 1.5 முதல் 4 விழுக்காடு. வருமானம் குறைந்தால் கட்டுவதும் குறையும். ஆக, நிலச் சொந்தக்காரரான பொதுமக்களோடு நிறுவனம் செய்துகொண்டிருப்பது வாரம். அதே பொதுமக்கள் அதே நிலத்தில் சறுக்க வந்தால் அவர்களோடு செய்துகொள்வது குத்தகை.

முன்பணம் வாங்கிய கை சோம்பிப்போகும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் (இந்தப் ‘பாஸ்’ கணவாய், விற்கும் சீட்டுக்கும் அதே பெயர் அமைந்தது மொழியின் குறும்பு) 2018இல் வெய்லிடம் வந்தது. 2021–22 குளிர்காலத்தில் அங்கே பனிக்குக் குறையில்லை, ஆள்தான் இல்லை. லிஃப்டுகளில் பல ஓடவில்லை, சரிவுகள் திறக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தின் ஆள் பற்றாக்குறை எல்லா மலைகளுக்கும் இருந்தது என்பது நிறுவனத்தின் பதில். ஆனால் நாள் டிக்கெட்டை நம்பிய மலைக்காரராக இருந்தால், மூடிய லிஃப்ட் ஒவ்வொன்றும் அன்றன்றே கல்லாவில் உறைத்திருக்கும். எப்படியாவது ஆள் தேடியிருப்பார். இங்கே பணம் முந்தைய கோடையிலேயே வந்துவிட்டது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மனுவில் கையெழுத்திட்ட பிறகுதான் மேலாளர் மாறினார். அடுத்த பருவத்துக்கு நிறுவனம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 20 டாலராக உயர்த்தியது.

யூட்டாவின் பார்க் சிட்டி கதையில் குத்தகை என்ற சொல் நேரடியாகவே வருகிறது. அந்த மலையை நடத்திவந்த பவுடர் நிறுவனம், சரிவின் பெரும்பகுதிக்கு ஆண்டுக்கு வெறும் 1,55,000 டாலர் குத்தகை கட்டிவந்தது. 2011இல் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதம் கெடு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தது. சில நாள் தாமதம்; மலையே கைவிட்டுப் போனது. நிலக்காரர் வெய்லோடு கைகோத்தார், வழக்கு நடந்தது, 2014இல் வெய்ல் 18.25 கோடி டாலருக்கு மிச்சத்தையும் வாங்கிக்கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 27ஆம் தேதி, அதே மலையில் சுமார் 200 மீட்புக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடியும் முன் மலையேறி, வெடி வைத்துப் பனிச்சரிவை முன்கூட்டியே சரியவிட்டு, பிறகே மற்றவர்களை உள்ளே விடுகிறவர்கள் அவர்கள். அடிபட்டவரைச் சறுக்குப் படுக்கையில் கட்டி இறக்குவதும் அவர்களே. ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலரை 23 ஆக்கச் சொன்னார்கள். ஆண்டின் மிக நெரிசலான வாரத்தில் மலையின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்க, வந்தவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அந்த 2 டாலரைக் கொடுத்தார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு அறிவித்த ஈடு, அடுத்த பருவத்துப் பாஸ் வாங்கினால் கழித்துக்கொள்ளும் தொகை. நட்டத்தை ஈடுகட்டுவதற்கும் அடுத்த முன்பணமே வழி!

எதிர்த்து நின்றவர்களும் இருக்கிறார்கள். வெர்மான்டின் மேட் ரிவர் க்ளென் மலையை 1995இல் சறுக்காளர்களே பங்கு போட்டு வாங்கிக் கூட்டுறவாக நடத்துகிறார்கள். ஒரு நாற்காலிக்கு ஒரே ஆள் அமரும் பழைய லிஃப்ட் அங்கே இன்றும் ஓடுகிறது. 2019இல் அரபஹோ பேசின், வண்டி நிறுத்த இடமில்லாமல் திணறியபோது, வெய்லின் பாஸிலிருந்து விலகியது. பாஸ்காரர்களின் கூட்டம் வேண்டாம் என்று ஒரு மலையே சொன்னது, இந்தத் தொழில் கேட்டிராத சொல். 2024இல் ஆல்டெரா அந்த மலையையும் வாங்கிவிட்டது. வெய்லின் பாஸ் எண்ணிக்கையும் இப்போது ஏறுவதை நிறுத்திச் சரியத் தொடங்கியிருக்கிறது. பதவியை விட்டுப் போயிருந்த ராப் கேட்ஸை 2025 மேயில் திரும்ப அழைத்துத் தலைமையில் உட்கார்த்தினார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற ஹைலண்ட்ஸ், தீர்ப்புக்கு எட்டு ஆண்டு கழித்து, 1993இல் ஆஸ்பென் ஸ்கீயிங் நிறுவனத்தோடு சேர்ந்தது. ஆஸ்பெனின் நான்கு மலைகளுக்கும் இப்போது ஒரே டிக்கெட் கிடைக்கிறது. பணத்தைப் பிரித்துக்கொள்ளச் சீட்டு எண்ண வேண்டிய வேலை அங்கே யாருக்கும் இல்லை.